ஒரே நாளில் அறுபட்டவர்கள்

பிப்ரவரி 24

தங்கைக்கு,

இனிமேல் போன் செய்யாதே. மாத்திரை போட்டாயா, தண்ணீர் குடித்தாயா என்று நீ கேட்பதும், நான் பதில் சொல்வதும், மூன்றாவது நிமிடம் இருவரும் கத்துவதும், யாராவது ஒருவர் பட்டென்று வைப்பதும் போதும். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. எழுத்தில் குறுக்கே பேச முடியாது. உன்னிடம் எனக்கு அந்த ஒரு வசதி வேண்டும்.

நவம்பரில் ஒரே நாள் காலையில் உன்னை ஓர் அறையிலும் என்னைப் பக்கத்து அறையிலும் படுக்க வைத்து அறுத்தார்கள். உன் சிறுநீரகம் ஒன்று எனக்கு வந்தது. நன்றி சொல்லிவிட்டேன், மாப்பிள்ளை சாட்சி. ஆனால் அதற்கு முன் ஆறு வருடம் நான் உன்னோடு பேசாமல் இருந்தேன். அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் மயக்க மருந்தில் கரைந்துவிடவில்லை. என்னை விட்டுப் போனவள் இன்னொருவரைக் கல்யாணம் செய்துகொண்டபோது நீ போனாய். போனது மட்டுமா, முதல் வரிசையில் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்தாய்.

இதை எழுத உட்காரவில்லை. விஷயம் வேறு. என் முடி கொட்டுகிறது.

ஒன்றிரண்டு இல்லை. கோதினால் விரலோடு வருகிறது, இழுக்கக்கூட வேண்டாம். குளியலறை ஜலதாரை அடைத்துக்கொள்கிறது. ஆபீஸ் நாற்காலியின் முதுகில், சட்டைக் காலரில், காபி டம்ளரில். நம் வீட்டு முடி உனக்குத் தெரியும். "இது ஒரு தலை இல்ல சார், ரெண்டு தலை" என்று முடிவெட்டுகிறவர் அலுத்துக்கொள்வார். அந்தத் தலையில் இப்போது விளக்கு வெளிச்சம் பட்டால் தோல் தெரிகிறது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த குடோனையும் இடிந்த சுவரையும் பார்த்து, சேதம் எதனால் வந்தது என்று எழுதித் தருவது என் பிழைப்பு. சேதத்துக்கு முன் புதிதாக உள்ளே வந்தது எது என்று முதலில் பார்க்க வேண்டும். என் உடம்புக்குள் புதிதாக வந்தவை இரண்டு. ஒன்று உன்னுடையது. மற்றது, அதை என் உடம்பு விரட்டாமல் இருக்கக் காலையும் மாலையும் நான் விழுங்கும் மாத்திரை. டப்பாவுக்குள் மடித்துவைத்த தாளில், எறும்பு எழுத்தில், 'முடி உதிரலாம்' என்று போட்டிருக்கிறான். டாக்டரம்மா இதை எனக்குச் சொல்லவில்லை.

நான் என் முறையில் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்

மார்ச் 2

அண்ணா,

கடிதம் வந்தது. கடிதமா அது? சம்மன். கீழே ரப்பர் ஸ்டாம்பு ஒன்றுதான் குறை.

முதலில் அந்தக் கல்யாணம். அவள் உனக்கு மனைவியாவதற்கு முன்பே எனக்கு ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில். அவளை உனக்குக் காட்டியதே நான்தான். உன்னை விட்டுப் போனாள் என்பதற்காக என்னையும் விட்டுப் போக வேண்டுமா? கூப்பிட்டாள், போனேன். முதல் வரிசையில் உட்கார்ந்தது பின்னால் நாற்காலி இல்லாததால். போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னான், சிரித்தேன். இன்னும் என்ன விளக்கம் வேண்டும் உனக்கு?

முடி கொட்டினால் டாக்டரம்மாவைக் கேள். அவர்கள் சொல்லவில்லை என்று குற்றம் சொல்கிறாயே, நீ கேட்டாயா? "என் முறையில் சோதித்துக்கொண்டிருக்கிறேன்" என்றால் என்ன அர்த்தம்? அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. விளக்கமாக எழுது.

இங்கே ரொட்டி ஃபாக்டரியில் எப்போதும் போல வேலை. மாவு பிசையும் பகுதியில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த என்னை எடுத்துப் பின்பக்கம் காலித் தட்டுகள் வந்து சேரும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். நான் கனமாகத் தூக்கக்கூடாதே, அதனால்தான். கொஞ்ச நாளைக்குத்தானாம். மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். மாப்பிள்ளை உன்னை விசாரித்தார் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை.

மாத்திரை நேரத்துக்குப் போடு. இதை எழுத்திலாவது கேட்கலாம் அல்லவா?

தங்கை

மார்ச் 8

தங்கைக்கு,

விளக்கம் கேட்டாய். மாலை மாத்திரையை நிறுத்திவிட்டேன். காலை மாத்திரையைப் போடுகிறேன், நான் பைத்தியக்காரன் இல்லை. உன் கடைசி போனுக்கும் முன்பிருந்தே இப்படித்தான். ஒன்றும் ஆகவில்லை. கால் வீங்கவில்லை, காய்ச்சல் இல்லை. சீப்பில் வருவது குறைந்திருக்கிறது, அல்லது குறைந்த மாதிரி இருக்கிறது. இந்த மாத இரத்தப் பரிசோதனையைத் தள்ளிவைத்திருக்கிறேன். சோதனை பாதியில் இருக்கும்போது இன்னொரு ஆள் உள்ளே வந்து கலைக்கக் கூடாது.

உனக்கு இது அற்பமாகத் தெரியும். ஒரு நாள் என் ஆபீசில் வந்து உட்கார்ந்து பார். எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டு எனக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கிறானே, பவுடர் என்று நாங்கள் கூப்பிடுகிறவன், அவன் திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் கேட்கிறான்:

"என்ன சார், வகிடு அகலமாயிட்டே போகுது? ரோடு போடறாங்களா?"

எல்லோரும் குனிந்துகொண்டார்கள். தோள் குலுங்குவது தெரிந்தது. காபி கொண்டுவருகிற அம்மாள் மட்டும், "உடம்பு சரியில்லாதவர்கிட்ட என்னப்பா பேச்சு" என்றாள். அதுதான் இன்னும் வலித்தது. மறுநாளிலிருந்து தொப்பி போட்டுக்கொண்டு போகிறேன். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவதில்லை. லிஃப்டில் கண்ணாடி இருக்கிறது என்பதால் மாடிப்படி ஏறுகிறேன். ஒரு இடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. கை தானாகத் தலைக்குப் போகிறது, போன கை எதையாவது கொண்டுவருகிறது.

மனைவி போனாள். எனக்கு வரவேண்டிய பதவி பவுடருக்குப் போனது. என் சொந்தச் சிறுநீரகங்கள் இரண்டும் போயின. இப்போது உள்ளே இருப்பதும் இரவல். இந்த முடி ஒன்றுதான் நான் யாரிடமும் கை நீட்டி வாங்காதது. அதையும் விட்டுக்கொடு என்கிறாய்.

அண்ணன்

மார்ச் 10

அண்ணா,

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் மாத்திரையைப் போடு. போட்டுவிட்டு மீதியைப் படி.

காலையிலிருந்து போன் செய்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். வெளியே ஒன்றும் தெரியாதாம் அண்ணா. கால் வீங்கும்போது நேரம் தாண்டியிருக்கும். உள்ளே சிறுநீரகம் சத்தமில்லாமல் போய்விடும். டாக்டரம்மா நம் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்கள், நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

முடியைப் பற்றி நான் கேட்டுவிட்டேன். பெரிய ஆபரேஷன், கடும் காய்ச்சல், பிரசவம் என்று உடம்பு ஏதாவது பெரிதாகத் தாங்கினால், முடியில் ஒரு பகுதி வளர்வதை நிறுத்திவிட்டு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுமாம். அப்படிப் போனது இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்தாற்போல் கொட்டும். கொட்டுகிற நேரத்தில் பழைய காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, கண்ணுக்கு எதிரே இருப்பதன் மேல் பழி போடுவார்கள். வேர் சாகவில்லை, சில மாதத்தில் திரும்ப முளைக்கும். நவம்பரிலிருந்து எண்ணிப் பார்.

புதிதாக உள்ளே வந்தவை இரண்டு என்று எழுதினாயே. மூன்று. கத்தியை விட்டுவிட்டாய்.

நீ சோதனை செய்து பார்க்க அது உன் பொருள் மட்டும் இல்லை. என்னுடையதும்தான்.

தங்கை

மார்ச் 13

தங்கைக்கு,

கடைசியில் சொல்லிவிட்டாய். எப்போது சொல்வாய் என்று ஆஸ்பத்திரியில் கண் விழித்ததிலிருந்து காத்திருந்தேன். உன் பொருள் என் வயிற்றில் குடியிருக்கிறது, நான் வாட்ச்மேன். நேரத்துக்கு மணியடித்து, நேரத்துக்கு மாத்திரை போட்டு, நீ கேட்கும்போதெல்லாம் சல்யூட் வைக்க வேண்டும். இதனால்தான் முதலில் நான் வேண்டாம் என்றேன். யாரோ முகம் தெரியாதவருடையது கிடைக்கும்வரை வரிசையில் நிற்கிறேன் என்றேன். நீதான் அழுது, மாப்பிள்ளையோடு சண்டை போட்டு, கையெழுத்துப் போட்டாய்.

கத்தியை விட்டுவிட்டேனாம். அது அன்றோடு போய்விட்டது, தையல் ஆறிவிட்டது. ஆறிய புண் மூன்று மாதம் கழித்துத் தலைக்கு ஏறுகிறது என்று இழப்பீடு கேட்கிற ஒரு கட்சிக்காரர் என்னிடம் வந்து சொன்னால் வாசலைக் காட்டுவேன். நீ யாரிடம் கேட்டாய்? சொன்னவர் யார் தலையில் பார்த்தார்?

எனக்குச் சொல்லக் கேட்டது வேண்டாம். கண்ணால் பார்க்கும் ஆதாரம் வேண்டும். என்னைப் போலவே அறுபட்ட ஒருவர், இந்த மாத்திரையைத் தொடாத ஒருவர், அவருக்கும் முடி கொட்டியிருக்க வேண்டும். அப்படி ஒருவரைக் காட்டு. அன்றைக்கே மாலை மாத்திரையைப் போடுகிறேன். காட்ட முடியாவிட்டால் என்னை விட்டுவிடு.

அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

இத்துடன் ஒரு பொட்டலம் இருக்கிறது. பிரி. மூக்கைச் சுளிக்காதே. நேற்றுக் காலை ஒரே சீவலில் வந்தது. நீளத்தைப் பார்த்தால் யாருடையது என்று தெரியும்.

உன் மாத்திரையில் ஒன்றுகூட நான் தின்றதில்லை.

ஜனவரி கடைசியில் ஆரம்பித்தது. தலைக்குக் குளிக்கும்போது முதுகில் ஏதோ வழிகிறது என்று தொட்டுப் பார்த்தேன். கொத்தாக வந்தது. முதலில் எனக்குத் தோன்றியது உனக்குத் தோன்றியது இல்லை. மிச்சம் இருக்கிற ஒரு சிறுநீரகமும் போகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று உதிர்ந்ததையெல்லாம் பேப்பரில் சுற்றிப் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டேன். "வேணாம்னு அப்பவே சொன்னேன்ல" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்குப் பதில் இல்லை. உனக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் "உன்னை யார் கேட்டது" என்பாய். இரண்டு பக்கமும் வாயை அடைத்துக்கொண்டு இருந்தேன்.

ஃபாக்டரியில் தலைக்கு வலை போட்டு, அதன் மேல் இரண்டு தொப்பி போட்டுக்கொண்டேன். அப்படியும் ஒரு கடைக்காரர் ரொட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, அதிலிருந்த முடியை இடுக்கியில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். என் கை நீளத்துக்கு இருந்தது. இந்த விஷயத்துக்காக நானே எத்தனை பெண்களைத் திட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் தெரியுமா? அந்தப் பெண்களும் அங்கேதான் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். முதலாளி, "மேடம், நீங்க கொஞ்ச நாள் பின்னாடி இருங்க" என்றார். கனம் தூக்கக் கூடாது என்று உனக்கு எழுதியது பொய்.

அன்றைக்குத்தான் பயந்துகொண்டு டாக்டரிடம் போனேன். இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். என் மிச்சம் நன்றாக வேலை செய்கிறது. "அறுவை சிகிச்சைக்கு அப்புறம் இது வர்றதுதாம்மா, தானா நிக்கும்" என்றார்கள். உனக்குப் போன கடிதத்தில் எழுதியது அவர்கள் சொன்னதுதான். பார்த்தது என் தலையில்.

உன் தலையைப் பற்றியும் கேட்டேன், இன்னொன்றும் சொன்னார்கள். உன்னுடையதில் ஆபரேஷனோடு மாத்திரைக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாமாம். அப்படி இருந்தால் டாக்டரம்மா பார்த்து மாற்றுவார்களாம். நீ மாற்றக் கூடாது. இதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன், இல்லாவிட்டால் நாளைக்கு இதைப் பிடித்துக்கொள்வாய்.

ஆதாரம் கேட்டாய். கொடுத்துவிட்டேன். இனி உன் பேச்சை நீ காப்பாற்று.

தங்கை

மார்ச் 21

சின்னவளுக்கு,

பொட்டலத்தை மேஜை மேல் பிரித்தேன். வெகுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு மாத்திரையைப் போட்டேன். மறுநாள் ஆபீசுக்குப் போகவில்லை, இரத்தம் கொடுக்கப் போனேன். சாயங்காலம் அவர்களே கூப்பிட்டு உடனே வந்து படுக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலிருந்துதான் எழுதுகிறேன்.

சிறுநீரகம் சோர்ந்தால் இரத்தத்தில் ஏறுமே, அந்தக் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்து, உடம்பு அதை விரட்ட ஆரம்பித்துவிட்டது என்றார்கள். நரம்பு வழியாக மருந்து ஏறுகிறது. அது நிற்குமா, போய்விடுமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்:

"சாயங்கால மாத்திரையெல்லாம் எங்க சார்?"

"டப்பாவில இருக்கு."

"டப்பாவுக்கா ஆபரேஷன் பண்ணோம்?"

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பேன் என்று பெயர். அவர்கள் நிற்கும்போதே நர்ஸ் நீட்டிய மாத்திரையை வாங்கி விழுங்கினேன்.

தூக்கம் இல்லை. உட்கார்ந்தால் படுக்கத் தோன்றுகிறது, படுத்தால் எழத் தோன்றுகிறது. மருந்துத் தாங்கியைத் தள்ளிக்கொண்டு வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். "நீங்க நடக்கறதப் பாத்தா எனக்குத் தலை சுத்துது, உக்காருங்க" என்று பக்கத்துக் கட்டில்காரர் கெஞ்சுகிறார். அவருக்குச் சிறுநீரகம் கொடுக்க இன்னும் யாரும் கிடைக்கவில்லை. வந்த அன்று, "உங்களுக்கு யார் குடுத்தாங்க?" என்று கேட்டார். தங்கச்சி என்றேன். அதற்கு மேல் அவர் கேட்டதற்கெல்லாம் தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம்.

அண்ணன்

மார்ச் 24

அண்ணா,

நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. உன் ஆஸ்பத்திரி அட்டையில் உறவினர் என்று போட்டிருப்பது எங்கள் வீட்டு நம்பர். அவர்கள் கூப்பிட்டபோது எடுத்தது அவர்தான். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தால் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"உங்கண்ணன் என்ன நெனச்சுக்கிட்டிருக்காரு? கடையில திருப்பிக் குடுத்து மாத்திக்கிற சாமானா அது?" என்றார். பிறகு என் தலையைப் பார்த்தார். "இன்னொண்ணு குடுப்பியா? குடு. அப்புறம் நான் என்ன பண்ணணும்னு அதையும் சொல்லிட்டுப் போ."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார். என்னோடு அளந்துதான் பேசுகிறார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறார். அது எனக்கு அடியை விட மோசம்.

எனக்கும் உன் மேல் கோபம். இதுவரை இருந்ததெல்லாம் கோபமே இல்லை என்று இப்போது தெரிகிறது. கல்யாணத்துக்குப் போனேன் என்று நீ ஆறு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டபோதுகூட, வரும்போது வரட்டும் என்று இருந்தேன். இது அப்படி இல்லை. பவுடர் என்கிற ஒருவன் உன் வகிட்டைப் பார்த்துச் சிரித்தான் என்பதற்காக நீ எதைக் கொண்டுபோய் எரிக்கப் பார்த்தாய் தெரியுமா? நான் வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க ஒரு மாதம் ஆனது. இருமினால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்வேன். அதையெல்லாம் உன்னிடம் சொல்லியிருக்கிறேனா?

அந்த எண் இறங்கிய பிறகு எழுது. இறங்காவிட்டாலும் எழுது. எண்ணை மட்டும் எழுது. பவுடர், பதவி, அவள், நாற்காலி எதுவும் வேண்டாம்.

தங்கை

ஏப்ரல் 4

சின்னவளுக்கு,

ஒன்று புள்ளி ஆறு.

எண்ணை மட்டும் எழுதச் சொன்னாய். ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் எழுதாவிட்டால் நீ தப்பாகச் சந்தோஷப்பட்டுவிடுவாய். ஜனவரியில் ஒன்று புள்ளி இரண்டு. கட்டிலில் கிடந்தபோது இரண்டைத் தாண்டியிருந்தது. இப்போது ஒன்று புள்ளி ஆறில் வந்து நின்றுவிட்டது. மூன்று தடவை பார்த்துவிட்டார்கள், அதற்குக் கீழே இறங்கவில்லை. "இனிமே இதான் உங்க நார்மல்னு வெச்சுக்குங்க. இதக் காப்பாத்திக்கிட்டாலே போதும்" என்றார்கள் டாக்டரம்மா. வேலை செய்கிறது. போகவில்லை. நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாத்திரையை அவர்கள் மாற்றவில்லை. காலையும் மாலையும் போடுகிறேன். முடி கொட்டுவது அதுபாட்டுக்குக் குறைந்துவிட்டது. நெற்றிக்கு மேலே தடவினால் முள் மாதிரிக் குத்துகிறது. முடிவெட்டுகிறவர் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டி, "புதுசு வருது சார். ஆனா எல்லாம் வெள்ளையா வருது" என்றார். வரட்டும் என்றேன். பக்கத்து நாற்காலிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது.

உனக்கும் முளைக்கும். அந்த முதலாளி உன்னை மாவுக்குத் திரும்பக் கூப்பிட்டாரா என்று எழுது. கூப்பிடாவிட்டால் நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், என் எழுத்துக்குப் பயப்படாத முதலாளியை நான் இன்னும் பார்க்கவில்லை. வேண்டாம் என்றால் விடு.

இனி எழுத வேண்டியதை எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முடி திரும்பி வரும். ஒன்று புள்ளி இரண்டுக்கும் ஒன்று புள்ளி ஆறுக்கும் நடுவில் இருந்தது வராது. அது என் வயிற்றுக்குள் இருந்தது, ஆனால் நான் சம்பாதித்தது இல்லை. ஒரு கட்சிக்காரரின் சேதமாக இருந்தால் அதை ஒரு பக்கத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அடுத்த கோப்பை எடுத்திருப்பேன். இதைக் காகிதத்தில் எழுத எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சமைக்காதே. கதவைத் திறப்பது மாப்பிள்ளையாக இருந்தாலும் திரும்பிப் போகமாட்டேன்.

அண்ணன்